கனஅடிக் கணக்கும் தொழிலாளர் மூச்சும் – விக்டோரியா கால இங்கிலாந்தில் தொழிற்கூடப் பரிசோதனையும் சுகாதாரச் சட்டங்களும்

கைத்தொழிற் புரட்சியின் சமூக விளைவுகளைப் பற்றிப் பேசுமிடத்து, மான்செஸ்டரின் பஞ்சாலைகளையும் அவற்றின் புகைபோக்கிகளையும் அங்கு உழைத்த சிறுவர்களையுமே நாம் பெரிதும் நினைவுகூர்கின்றோம். ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் உழைப்பாளரில் மிகப் பெரும் பகுதியினர் இத்தகைய ஆலைகளில் வேலை செய்யவில்லை. வீட்டு மாடியறைகளிலும், நிலவறைகளிலும், கடைகளின் பின்கட்டுகளிலும் அமைந்த சிறு தொழிற்கூடங்களே அவர்களுட் பலரது உலகமாயிருந்தன. தையற்காரர், பெண்களின் உடை தைப்போர், சப்பாத்துத் தொழிலாளர், அச்சுக்கோப்போர், பாண் சுடுவோர் எனப் பல திறத்தினர் இவ்வகையில் அடங்குவர். இவர்களது அறைகளுள் அரசு எவ்வாறு நுழைந்தது, எதனை அளந்தது, எவ்விடத்தில் தயங்கி நின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒரு மரணமும் அது எழுப்பிய வினாவும்

1863ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அரச குடும்பத்தினருக்கும் பிரபுக்களுக்கும் உடை தைத்துக் கொடுத்த இலண்டன் நிறுவனமொன்றில் மேரி ஆன் வோக்லி என்னும் இருபது வயதுப் பெண் இறந்தாள். வேல்ஸ் இளவரசியாகப் புதிதாக வந்திருந்தவரைக் கௌரவிக்கும் நடன விருந்துக்கு உயர்குடிப் பெண்களுக்கான ஆடைகள் உடனடியாகத் தேவைப்பட்டன. அவள் இடைவிடாது இருபத்தாறரை மணித்தியாலம் வேலை செய்திருந்தாள். அறுபது பெண்கள், அறையொன்றிற்கு முப்பது பேராக அமர்ந்து தைத்தனர். அவர்களுக்கு வேண்டிய காற்றின் மூன்றிலொரு பங்கே அவ்வறைகளிற் கிடைத்தது. இரவில் பலகைத் தட்டிகளாற் பிரிக்கப்பட்ட சிறு மறைவிடங்களில் இருவர் இருவராக உறங்கினர்.

நெரிசல் மிகுந்த வேலையறையில் நீண்ட நேரம் உழைத்ததும், காற்றோட்டமற்ற சிறு படுக்கையறையில் உறங்கியதுமே மரணத்திற்குக் காரணம் என்று அவளைப் பார்வையிட்ட மருத்துவர் மரண விசாரணையிற் சாட்சியமளித்தார். யூரர்களோ, அவள் மூளை இரத்தப் பெருக்கினால் இறந்தாள் என்றும், மிகை உழைப்பும் நெரிசலும் அம்மரணத்தை விரைவுபடுத்தியிருக்கலாம் என அஞ்ச இடமுண்டு என்றும் தீர்ப்பளித்தனர். கார்ல் மார்க்ஸ் நான்கு ஆண்டுகளின் பின் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற் பாகத்தில் வேலைநாள் பற்றிய அதிகாரத்தில் இதனை விரிவாக எடுத்தாண்டமையால் இந்நிகழ்ச்சி உலகறிந்ததாயிற்று.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், அந்நிறுவனம் அப்போதைய தொழிற்சாலைச் சட்டம் எதனையும் மீறவில்லை என்பதாகும். மீறுவதற்கு அவ்விடத்துக்குரிய தொழிற்சாலைச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. 1833ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு பரிசோதகர்களை நியமித்து, ஆலைகளுள் நுழையும் அதிகாரத்தை அவர்களுக்கு அளித்தது. லெனாட் ஹோர்னர் போன்றோர் அப்பதவியில் அஞ்சாது கடமையாற்றினர். எனினும் அச்சட்டமும் அதனைத் தொடர்ந்தவையும் நெசவுத் துறை ஆலைகளையே பெரும்பாலும் தழுவின. ஊசியும் நூலும் கொண்டு உழைத்தோர் அவற்றின் எல்லைக்கு வெளியே இருந்தனர்.

2. ‘தொல்லை’ என்னும் சட்டக் கருத்து

தொழிற்கூடங்களின் நெரிசலைச் சட்டம் முதன்முதலில் தொட்டது தொழிலாளர் உரிமை என்ற வாயிலினூடாக அன்று. பொதுச் சுகாதாரம் என்ற வாயிலினூடாகவே. எட்வின் சாட்விக் 1842இல் வெளியிட்ட, உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றிய அறிக்கை, அழுக்கு நீரும் கழிவும் அசுத்தக் காற்றும் நோயைப் பெருக்கி, அதன்மூலம் வறியோர் நிவாரணச் செலவையும் பெருக்குகின்றன என வாதிட்டது. 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. 1855இல் இலண்டனின் பங்குச் சபைகளும் மாவட்டச் சபைகளும் சுகாதார மருத்துவ அதிகாரிகளையும் ‘தொல்லைப் பரிசோதகர்’களையும் நியமித்தல் வேண்டும் எனச் சட்டம் பணித்தது. அயலவரின் உடல்நலத்துக்கு ஊறு விளைக்கும் குப்பைமேடு, நாற்றமெடுக்கும் வடிகால், அசுத்தமான பன்றிப்பட்டி ஆகியவை சட்டத்தின் கண்ணில் ‘தொல்லை’களாயின.

இக்கருத்து தொழிற்கூடத்திற்கு விரிவடைந்ததில் அரசின் மருத்துவ அதிகாரியாயிருந்த சேர் ஜோன் சைமனுக்குப் பெரும் பங்குண்டு. அவரது பணிப்பின்பேரில் 1863இல் டொக்டர் எட்வேட் ஸ்மித் இலண்டன் தையற்காரரையும் அச்சகத் தொழிலாளரையும் ஆராய்ந்தார். டொக்டர் வில்லியம் ஓட் உடை தைக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்தார். மூடிய அறையில் நெருங்கி அமர்ந்து உழைப்போரிடையே சயரோகமும் பிற சுவாச நோய்களும் மிகுந்திருந்தமையை இவ்வறிக்கைகள் எடுத்துக்காட்டின. தையற்காரர் வாயு விளக்குகளின் வெப்பத்திலும், இஸ்திரிப் பெட்டிகளைச் சூடாக்கும் அடுப்பின் வெப்பத்திலும், சக தொழிலாளர் வெளிவிட்ட காற்றிலும் நாள் முழுவதும் அமர்ந்திருந்தனர். தொழிலாளி தன் முதலாளியிடம் நல்ல காற்றைக் கோரும் உரிமையைப் பெயரளவில் உடையவனாயினும், நடைமுறையில் அதனை வற்புறுத்தும் வலு அவனுக்கில்லை எனச் சைமன் வெளிப்படையாக எழுதினார். சட்டம் தலையிட வேண்டும் என்பதற்கு அவர் காட்டிய நியாயம் இதுவே.

1866ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் இதன் பயனாக ஒரு முக்கிய அடியை எடுத்து வைத்தது. பிற சட்டங்களுக்கு ஏற்கெனவே உட்படாத தொழிற்சாலை, தொழிற்கூடம் அல்லது வேலைத்தலம் சுத்தமாக வைக்கப்படாவிடினும், காற்றோட்டமின்றி இருப்பினும், வேலை நடைபெறும்போது அங்கு உழைப்போரின் உடல்நலத்துக்குக் கேடு விளையுமளவுக்கு நெரிசலாக இருப்பினும், அது தொல்லையாகக் கருதப்படும் என அது விதித்தது. உழைப்பாளனின் நுரையீரல் முதன்முறையாகக் குப்பைமேட்டுக்கு நிகரான சட்டக் கவனத்தைப் பெற்றது எனலாம்.

3. இரு எசமானர்களுக்கிடையே தொழிற்கூடம்

சட்டம் இயற்றப்பட்டபின் அதனை நிறைவேற்றுவது யார் என்ற வினா எழுந்தது. இவ்வினாவுக்கு விக்டோரியா காலம் முழுவதும் நிலையான விடை கிடைக்கவில்லை.

1867இல் இரு சட்டங்கள் ஒருங்கே நிறைவேறின. ஐம்பது பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்த இடங்கள் தொழிற்சாலைச் சட்ட விரிவாக்கத்தின்கீழ் மத்திய அரசின் பரிசோதகரிடம் சென்றன. அதற்குக் குறைந்தோரைக் கொண்ட தொழிற்கூடங்கள் தொழிற்கூட ஒழுங்குச் சட்டத்தின்கீழ் உள்ளூராட்சி அமைப்புகளிடம் விடப்பட்டன. உள்ளூராட்சி அமைப்புகளிற் பெரும்பாலானவை அச்சட்டத்தைத் தொடக்கூடவில்லை. 1871இல் அப்பொறுப்பு தொழிற்சாலைப் பரிசோதகருக்கு மாற்றப்பட்டது. ஒரே வீச்சில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட தொழிற்கூடங்களை அவர்கள்மீது சுமத்திய பாராளுமன்றம், எட்டு உதவியாளரையே புதிதாக அளித்தது என மார்க்ஸ் ‘மூலதன’த்தின் பிற்பதிப்பில் ஏளனத்தோடு குறித்தார்.

1878ஆம் ஆண்டின் தொழிற்சாலை மற்றும் தொழிற்கூடச் சட்டம் முன்னைய சட்டங்களைத் தொகுத்தது. ஆட்களின் எண்ணிக்கையைக் கைவிட்டு, இயந்திர வலுவின் பயன்பாட்டை அடிப்படையாகக் கொண்டு தொழிற்சாலையைத் தொழிற்கூடத்தினின்றும் அது பிரித்தது. வடிகால், மலசலகூடம் போன்ற குறைகளைக் காணும் தொழிற்சாலைப் பரிசோதகர் அவற்றை உள்ளூர்ச் சுகாதார அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கூடங்களின் சுத்தம், காற்றோட்டம், நெரிசல் ஆகியவற்றை மீண்டும் உள்ளூராட்சியிடம் ஒப்படைத்தது. உள்ளூராட்சி தவறுமிடத்து உள்நாட்டமைச்சர் தொழிற்சாலைப் பரிசோதகரைக் கொண்டு செயற்படலாம் என்ற பாதுகாப்பையும் சேர்த்தது. ஆக, கால் நூற்றாண்டுக்குள் பொறுப்பு இங்கும் அங்குமாக மூன்று முறை கைமாறியது.

இத்தடுமாற்றம் தற்செயலானதன்று. மத்திய பரிசோதகருக்குச் சுதந்திரம் இருந்தது, ஆட்பலம் இல்லை. உள்ளூர் அதிகாரிக்குத் தெருவும் வீடும் தெரிந்திருந்தன, சுதந்திரம் இல்லை. பங்குச் சபைகளில் அமர்ந்திருந்தோர் கடைக்காரரும் வீட்டுச் சொந்தக்காரரும் சிறு முதலாளிகளுமேயாவர். உழைக்கும் வகுப்பாரின் வீடமைப்பை ஆராய்ந்த 1884–85ஆம் ஆண்டு அரச ஆணைக்குழு, கிளார்க்கன்வெல் பங்குச் சபையில் வறியோருக்கு அறைகளை வாடகைக்கு விட்டு இலாபமீட்டியோரே செல்வாக்குப் பெற்றிருந்ததை வெளிப்படுத்தியது. மருத்துவ அதிகாரிக்குச் சம்பளம் அளித்தது அச்சபையே. அவர் பெரும்பாலும் பகுதிநேர அலுவலர். தனியார் வைத்தியத்தாலும் வாழ்ந்தவர். யாருடைய வீட்டை அவர் நெரிசலானது என அறிக்கையிட வேண்டுமோ, அவரே அடுத்த கூட்டத்தில் இவரது நியமனத்தைப் பற்றி வாக்களிப்பவராக இருத்தல் கூடும்.

4. பரிசோதகரின் நாளாந்த நடைமுறை

பரிசோதகர் அறையினுள் நுழைந்ததும் அளவுநாடாவை எடுப்பார். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைப் பெருக்கி அறையின் கனஅடியைக் கணிப்பார், அங்கிருப்போரை எண்ணுவார், சன்னல்கள் திறக்கக்கூடியனவா, சுவருக்குச் சுண்ணாம்பு எப்போது பூசப்பட்டது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மலசலகூடம் உண்டா என்பவற்றைக் குறிப்பார். பார்வைக்கு எளிதான இப்பணியில் மூன்று தடைகள் குறுக்கிட்டன.

முதலாவது, தொழிற்கூடத்தைக் கண்டுபிடித்தல். பஞ்சாலையை எவரும் மறைக்க இயலாது. கிழக்கு இலண்டனின் ஒரு மாடியறையிலோ, ஆறு பேர் காலுறைகளும் காற்சட்டைகளும் தைப்பதைத் தெருவிலிருந்து அறிய வழியில்லை. தொழில் பருவத்துக்குப் பருவம் இடம் மாறியது. ஆகவேதான் வீட்டில் வேலை செய்வோருக்குப் பணி வழங்கும் நிறுவனங்கள் அத்தகையோரின் பெயர்ப் பட்டியலைப் பேணல் வேண்டும் என 1891ஆம் ஆண்டுச் சட்டமும், அதனைப் பரிசோதகருக்கு அனுப்புதல் வேண்டும் என 1895ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தன.

இரண்டாவது, நுழைதல். வேலையறையே வீடாகவும் இருக்குமிடத்து, இருப்பவரின் சம்மதமின்றி நுழைவதற்கு உள்நாட்டமைச்சரின் எழுத்துமூல அதிகாரமோ நீதவானின் ஆணையோ வேண்டும் என 1878ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஆணை பெறப்பட்டு வருவதற்குள் அறை காலியாகிவிடும்.

மூன்றாவது, நிரூபித்தல். பெண்கள் மட்டும் வேலை செய்த தொழிற்கூடங்களில், காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடைப்பட்ட 15 மணித்தியாலத்துள், நாலரை மணித்தியாலம் ஓய்வளித்து, எவ்வேளையிலும் வேலை வாங்கலாம் எனச் சட்டம் அனுமதித்தது. இரவு எட்டு மணிக்குத் தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணைக் காணும் பரிசோதகர், அவள் பகலில் ஓய்வு பெற்றாளா என்பதை எவ்வாறு அறிவார்? வேலையை இழக்க அஞ்சிய அவளது வாய்மொழியே ஒரே சாட்சியம்.

இத்தனையும் கடந்து குறை நிறுவப்பட்டாலும், முதலில் அறிவித்தல், அதன்பின் கால அவகாசம், அதன்பின்னரே நீதிமன்றம். 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி, தொல்லையை நீக்குமாறு இடப்பட்ட ஆணைக்குப் பணியாதவர் செலுத்த வேண்டியிருந்த தண்டம் நாளொன்றுக்குப் பத்துச் சிலிங்குக்கு மேற்படாது. பருவகாலத்தின் அவசர வேலைகளை ஏற்கும் முதலாளிக்கு இது தொழிற் செலவுகளுள் இன்னொன்றாகவே அமைந்தது.

5. கனஅடியின் அரசியல்

நெரிசல் என்பதன் வரைவிலக்கணம் யாது? 1866ஆம் ஆண்டுச் சட்டமும் 1878ஆம் ஆண்டுச் சட்டமும் ‘உடல்நலத்துக்குக் கேடு விளையுமளவு’ என்று கூறியமைந்தன. எண் எதனையும் தரவில்லை. ஆதலால் ஒவ்வொரு வழக்கிலும் நீதவானின் முன்னிலையில் மருத்துவர்கள் வாதிட வேண்டியிருந்தது. இறுதியாக 1895ஆம் ஆண்டுச் சட்டமே எண்ணை நிர்ணயித்தது: ஒருவருக்கு 250 கனஅடி, மேலதிக நேர வேலையின்போது 400 கனஅடி.

இந்த எண்ணை அக்கால விஞ்ஞானத்தோடு ஒப்பிடுதல் பயனுடையது. தொடர்ந்து வேலை நடைபெறும் இடத்தில் ஒருவருக்குக் குறைந்தது 500 கனஅடி வேண்டும் என்பதில் ஆங்கில மருத்துவர்கள் ஒருமனதாக இருந்ததை மார்க்ஸ் 1867இலேயே எடுத்துக்காட்டினார். அத்தேவையைச் சட்டமாக்கின் ஆயிரக்கணக்கான சிறு முதலாளிகள் ஒரே அடியில் தொழிலிழப்பர் என்பதையும், மலிவான இடமும் மலிவான உழைப்புமே அவர்களது மூலதனம் என்பதையும், ஆகையாற் சட்டம் இக்காற்றளவின் முன் வந்து மூச்சுத் திணறி நிற்கின்றது என்பதையும் அவர் விளக்கினார். இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் பாராளுமன்றம் விதித்தது மருத்துவர் கேட்டதிற் சரிபாதியையே.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 12 அடி நீளமும் 12 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட அறையின் கொள்ளளவு 1152 கனஅடி. மருத்துவர் அளவின்படி அதில் இருவர் வேலை செய்யலாம். 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நால்வர். எண்மர் அமர்ந்தால் ஒருவருக்கு 144 கனஅடி. இங்கு ஐந்தாவது ஆளை அனுமதிப்பதா, மூன்றாவது ஆளையே வெளியேற்றுவதா என்பது சுகாதார வினா மட்டுமன்று. வாடகை வினாவும் கூலி வினாவுமாகும்.

மேலும், அறையின் கொள்ளளவைவிடக் காற்று மாறும் வீதமே முக்கியமானது. ஒரு மனிதனுக்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 3000 கனஅடி புதிய காற்று வேண்டும் என்பது எட்மண்ட் பார்க்ஸ், டி சோமொன் ஆகிய இராணுவ மருத்துவ அறிஞர்கள் வகுத்த அளவு. 250 கனஅடியில் அமர்ந்திருப்பவனுக்கு இவ்வளவு கிடைக்க வேண்டுமாயின் அறையின் காற்று மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு முறை மாற வேண்டும். இலண்டன் குளிர்காலத்தில் அவ்வாறு காற்றை உள்ளே விட்டால் விரல்கள் விறைத்துப் போகும். நுண்ணிய தையல் நடவாது. எனவே தொழிலாளரே சன்னல் இடுக்குகளிற் கந்தலைத் திணித்து அடைத்தனர். அதனைக் கண்ட மேல்வகுப்பார், வறியோர் நல்ல காற்றை வெறுக்கின்றனர் என முடிவு செய்தனர். விறகுக்கும் நிலக்கரிக்கும் பணம் இல்லாதவனுக்குச் சன்னலைத் திறப்பதும் ஓர் ஆடம்பரமே என்பது அவர்களுக்குப் புலப்படவில்லை.

6. பெண் பரிசோதகர்களின் வருகை

பெண் தொழிலாளர் ஆண் அதிகாரியிடம் தம் குறைகளை, குறிப்பாக மலசலகூடம் போன்றவற்றைப் பற்றிய குறைகளை, வெளிப்படையாகக் கூறத் தயங்கினர். பெண்கள் தொழிற்சங்க இயக்கத்தினர் நெடுங்காலம் போராடியதன் பயனாக, 1893இல் உள்நாட்டமைச்சர் அஸ்க்வித் மே ஏபிரகாம், மேரி பற்றர்சன் ஆகிய இருவரை முதற் பெண் தொழிற்சாலைப் பரிசோதகர்களாக நியமித்தார். அதேயாண்டில் கென்சிங்டன் பங்குச் சபை லூசி டீன், ரோஸ் ஸ்குவயர் ஆகியோரைச் சுகாதாரப் பரிசோதகர்களாக அமர்த்தியது. நாகரிக உடைகள் தயாரிக்கப்பட்ட மேற்கு இலண்டனின் தையலறைகள் அவர்களது களமாயின. இருவரும் பின்னர் மத்திய பரிசோதனைச் சேவையிற் சேர்ந்தனர். கல்நார்த் தூசியினால் ஏற்படும் கேட்டைப் பற்றி 1898ஆம் ஆண்டு அறிக்கையிலேயே லூசி டீன் எச்சரித்தார் என்பது, கண்ணாற் கண்டதைச் செம்மையாகப் பதிவுசெய்யும் பரிசோதகரின் ஆற்றலுக்குச் சான்றாகும். அவ்வெச்சரிக்கை செவிமடுக்கப்படப் பல தசாப்தங்கள் சென்றமை, பதிவுக்கும் நடவடிக்கைக்கும் இடையிலான தூரத்துக்குச் சான்றாகும்.

7. யாருடைய சுகாதாரம்?

1880களில் ‘வியர்வைத் தொழில் முறை’ என்ற பெயரில் இப்பிரச்சினை பொதுவிவாதமாயிற்று. ‘லான்செற்’ மருத்துவ இதழ் 1884இல் கிழக்கு இலண்டனின் யூதத் தையற்காரர் நிலையை வெளியிட்டது. டன்ரேவன் பிரபுவின் தலைமையில் பிரபுக்கள் சபைத் தெரிவுக்குழு 1888 முதல் 1890 வரை சாட்சியம் கேட்டது. குறைந்த கூலி, மிகையான வேலைநேரம், சுகாதாரமற்ற இடம் ஆகிய மூன்றுமே அம்முறையின் தீமைகள் என அது கண்டது.

இவ்விவாதத்தில் இரு திரிபுகள் காணப்பட்டன. முதலாவது, வாடிக்கையாளரைப் பற்றிய அச்சம். அம்மை நோயோ செங்காய்ச்சலோ உள்ள வீட்டிற் தைக்கப்படும் ஆடை செல்வர் வீட்டுக்கு நோயைக் கொண்டு செல்லும் என்ற அச்சத்தை, சாள்ஸ் கிங்ஸ்லி 1850இலேயே தம் எழுத்துகளிற் பயன்படுத்தியிருந்தார். இவ்வச்சம் சட்டத்துக்கு ஆதரவு தேடித் தந்தது உண்மை. 1895ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய வீடுகளில் ஆடை தைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. ஆயினும் தொற்றாத துன்பமாகிய பசியும் களைப்பும் இதனாற் பின்தள்ளப்பட்டன.

இரண்டாவது, வந்தேறிகள்மீது சுமத்தப்பட்ட பழி. 1881இன் பின் ரஷ்யப் பேரரசிலிருந்து பெருந்தொகையாக வந்த யூதரே நெரிசலுக்கும் அசுத்தத்துக்கும் காரணம் எனப் பலர் முழங்கினர். அம்முழக்கம் 1905ஆம் ஆண்டின் அந்நியர் சட்டத்துக்கு வழிகோலிற்று. ஆனால் ஹென்றி மேஹியூ 1849–50இல் ‘மோர்னிங் குரொனிக்கிள்’ பத்திரிகையில் இலண்டன் தையற்காரரைப் பற்றி எழுதியவை, அதே நெரிசலும் அதே அடிமட்டக் கூலியும் மூன்று தசாப்தங்களுக்கு முன்னரே நிலவியதைக் காட்டுகின்றன. காரணம் தொழிலாளியின் இனத்தில் இல்லை. தொழில் ஒழுங்கமைக்கப்பட்ட முறையிலேயே இருந்தது. தாமே காற்சட்டை தைக்கும் பெண்ணாக வேலை செய்து இத்தொழிலை அறிந்த பியற்றிஸ் பொற்றர், இடைத்தரகனை மட்டும் குற்றஞ்சாட்டுவதை மறுத்து, வேலை கொடுக்கும் நிறுவனத்தையும் வீட்டுச் சொந்தக்காரரையும் சட்டப்படி பொறுப்பாளிகளாக்க வேண்டும் என வாதிட்டமை இங்கு குறிப்பிடத்தக்கது.

8. முடிவுரை

பரிசோதனைச் சட்டங்கள் பயனற்றவை என இதிலிருந்து முடிவு செய்தல் தவறாகும். சுவர்கள் சுண்ணாம்பு கண்டன, மலசலகூடங்கள் அமைந்தன, நிலவறைகளில் புதிதாகப் பாண் வெதுப்பகங்கள் தொடங்குதல் தடுக்கப்பட்டது, 1901ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மருத்துவ அதிகாரியும் தம் பிரதேசத் தொழிற்கூடங்களைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கையிட வேண்டும் என்றது. முதலாளியின் கதவு அரசுக்குத் திறக்கப்பட வேண்டும் என்ற கோட்பாடு நிலைபெற்றது.

எனினும் ஒரு முரண்பாடு எஞ்சியது. தொழிற்கூடத்தை இறுக்கினால் வேலை பரிசோதகரின் கண்ணுக்கெட்டாத வீட்டறைக்கு நகர்ந்தது. நெரிசலான அறையிலிருந்து ஐவரை வெளியேற்றினால் ஐவர் கூலியிழந்தனர். பெரிய அறைக்கு வாடகை கொடுக்கப் போதிய விலை தைத்த ஆடைக்குக் கிடைக்கவில்லை. கூலியைத் தொடாது காற்றை மட்டும் சீர்செய்ய முயன்றமையே விக்டோரியா காலச் சட்டங்களின் அடிப்படைக் குறைபாடாகும். 1909ஆம் ஆண்டின் தொழிற்சபைச் சட்டம் தையல் முதலிய நான்கு தொழில்களுக்கு மிகக் குறைந்த கூலியை நிர்ணயிக்க வழிசெய்தபோதே அரசு அந்த எல்லையைக் கடந்தது.

இவ்வரலாற்றின் தடங்கள் எமது சட்டங்களிலும் உள்ளன. 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டமும், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் பிரித்தானிய மாதிரியைத் தழுவி இலங்கைக்கு வந்தவை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என நாம் அறியும் அலுவலர், விக்டோரியா காலத் தொல்லைப் பரிசோதகரின் வழித்தோன்றலே. அச்சட்டங்களை ஆராய்வோர் அவற்றில் உள்ள எண்களை இயற்கையின் விதிகளாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு மனிதனுக்கு எத்தனை கனஅடி என்ற எண், அக்காலத்தில் உழைப்போர் எவ்வளவு பெற முடிந்தது, உடைமையாளர் எவ்வளவு விட்டுக்கொடுக்க நேர்ந்தது என்பதன் அளவுமாகும்.